இருபத்தாறு கேள்விகள்

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே நான் நலம். நீங்கள் எப்படி என்று போனில் கேட்டால் "ம்" என்கிறீர்கள். அதற்கு மேல் ஒன்றும் பெயர்வதில்லை. ஆகவே கடிதம்.

குளியலறைக் குழாய் மறுபடி சொட்டுகிறது. குழாய்க்காரர் வந்து பார்த்துவிட்டு, இதற்கு முன்னால் கை வைத்த புண்ணியவான் யார் என்று கேட்டார். நீங்கள்தான் என்று நான் காட்டிக்கொடுக்கவில்லை. அத்தை ஞாயிறுதோறும் கூப்பிடுகிறார். உங்களுக்கு அந்தக் கல்லூரியில் வேலை அதிகம், அதனால்தான் லீவுக்குக்கூட வரமுடியவில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன். நம்பியது போலப் பேசுகிறார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன வருடம் உங்கள் பிரிவில் எப்போது பார்த்தாலும் கையைத் தூக்கிக்கொண்டிருந்த பெண் ஞாபகம் இருக்கும். 'சந்தேகம்' என்று பெயர் வைத்தீர்களே, அவள்தான். உளவியல் தாளில் தேறாமல் இந்த வருடம் என் வகுப்பில் மறுபடி படிக்கிறாள். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை என் அறைக்கு வந்தாள். போன வருடத்து முழுத்தேர்வுக் கேள்வித்தாளை மேசையில் வைத்து, அதன் பக்கத்திலேயே இந்த வருடம் நான் கொடுத்த வாரத் தேர்வுத் தாள்களையும் அடுக்கினாள்.

"மேடம், பெரிய பரீட்சையில வந்த கேள்விங்க உங்க வாரத் தேர்வுல அப்படியே வருது. அப்ப போன வருஷம் உங்க வகுப்புக்கு இதெல்லாம் முன்னாடியே தெரியுமா?"

குறை சொல்ல வந்தவள் அல்ல. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பார்த்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு எண்ணினேன். நாற்பது கேள்விகளில் இருபத்தாறு, வார்த்தை மாறாமல் என் வாரத் தேர்வுக் கட்டிலிருந்து வந்தவை. என் பிரிவு அவற்றை ஏற்கெனவே எழுதிப் பார்த்திருந்தது. உங்கள் பிரிவு அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தது.

எப்படி நடந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். திட்டமிட்டுச் செய்யவில்லை. தேர்வுக்கு மூன்று நாள் முன்னால் இரண்டு பிரிவுக்கும் பொதுவாக ஒரு கேள்வித்தாள் கேட்டார்கள். அவசரத்தில் கையில் இருந்த கட்டைப் பிரித்து, நல்ல கேள்விகளாகப் பொறுக்கினேன். நல்லவை என்று எனக்குப் பட்டவை எல்லாம் நானே எழுதியவை. நீங்களும் பார்க்க வேண்டும் என்று கொண்டுவந்து நீட்டினேன். நீ எடுத்தால் சரியாகத்தான் இருக்கும் என்று, ஒரு வரிகூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டீர்கள். அந்தக் கையெழுத்தைத்தான் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மனிதர் தான் எதிர்பார்ப்பதையே எங்கும் காண்கிறார் என்று வருடாவருடம் மூன்றாம் பாடத்தில் நடத்துகிறேன். வாரத் தேர்வு எழுதினால் பாடம் மனதில் தங்கும் என்று எதிர்பார்த்தேன், தங்கியது என்று கண்டேன். வாரத் தேர்வு எழுதிய என் பிரிவுக்கும் பாடம் மட்டும் கேட்ட உங்கள் பிரிவுக்கும் சராசரியில் பதினொரு மதிப்பெண் வித்தியாசம் என்று கட்டுரையும் எழுதினேன். யாராவது ஒரு மாணவர் இப்படி ஓர் ஆய்வைக் கொண்டுவந்திருந்தால் நார்நாராகக் கிழித்திருப்பேன்.

அத்தோடு விட்டேனா? உங்கள் பாடம் நன்றாகப் புரிகிறது என்று பிள்ளைகள் கருத்துப் படிவத்தில் உங்களுக்கு அள்ளிக் கொடுத்த புள்ளிகளை ஓர் அட்டவணையாகப் போட்டு, 'புரிந்துவிட்டதென்ற மயக்கம்' என்று தலைப்பு வைத்தேன். கருத்தரங்கில் இரண்டு பிரிவின் மதிப்பெண் வரைபடத்தோடு அதையும் திரையில் காட்டியபோது அரங்கம் சிரித்தது. நானும் சிரித்தேன். நீங்கள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தீர்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

மறுவாரமே முதல்வர் எல்லோரும் வாரத் தேர்வு முறைக்கு மாற வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். பஸ்ஸில் குடையை மறந்துவிட்டு வரும் மனிதரை வைத்து நினைவாற்றலை ஒரு மணி நேரம் நடத்துவீர்களே, அந்த வகுப்புகளில் பாதியை வெட்டினார். நீங்கள் சண்டை போடவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் ஒன்று மட்டும் சொன்னீர்கள்: "உன் வரைபடத்துல கீழ கிடக்கிற கோடு நான்தான்." அடுத்த மாதம் ஒரு வருடத்துக்கு என்று அந்த ஊர் வேலையை ஒப்புக்கொண்டு கிளம்பினீர்கள். அந்த ஒரு வருடம் இப்போது முடியப்போகிறது. அதை நீட்டிக்கச் சொல்லி நீங்கள் கேட்கப்போவதாக அங்குள்ள உங்கள் துறைத்தலைவர் வாயால்தான் கேள்விப்பட்டேன்.

அந்த இருபத்தாறு கேள்விகளை நீக்கிவிட்டு, எல்லா விடைத்தாள்களையும் மறுபடி கூட்டினேன். மிச்சம் பதினான்கு கேள்விகள், இரண்டு மதிப்பெண் வித்தியாசம். அந்த இரண்டும் என் பக்கம்தான். அதை விட்டுக்கொடுக்க மாட்டேன், ஆனால் அவ்வளவுதான்.

கட்டுரையை ஏற்றுக்கொண்டிருந்த ஆய்விதழுக்குத் திரும்பப் பெறுவதாக எழுதிவிட்டேன். முதல்வரிடமும் சொன்னேன். யாருக்கும் தெரியாததை எதற்காகக் கிளறுகிறீர்கள் என்றார். என் பதவி உயர்வுக் கோப்பு அவர் மேசையிலேயே படுத்துவிட்டது. துறைக் கூட்டத்தில் எழுந்து நின்று, வித்தியாசத்தை உண்டாக்கியது என் கேள்வித்தாள், உங்கள் பாடம் அல்ல என்று சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அறிவிப்புப் பலகையில் தொங்கிய அந்த வரைபடத்தை நானே கழற்றினேன்.

அந்த அட்டவணையைத் திரையில் போடுமுன் உங்களைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். மன்னியுங்கள் என்று போனில் சொல்ல வரவில்லை, இங்கே எழுதுகிறேன். மன்னியுங்கள்.

ஒன்றாம் தேதி புது வருட வகுப்புகள் தொடங்குகின்றன. கால அட்டவணையில் உங்கள் மணிகளை வேறு யாருக்கும் ஒதுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு வாரம் பொறுப்பார்களாம். வந்து உங்கள் பிரிவை உங்கள் விருப்பப்படி நடத்துங்கள், குடைக்காரரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். நான் என் பிரிவை நடத்துகிறேன். இந்த முறை கேள்வித்தாளை நீங்கள் எடுங்கள். நான் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறேன்.

இப்படிக்கு,
இரண்டே மதிப்பெண் மேலே இருக்கும்
உங்கள் மனைவி