கவிழ்த்த படகு போன்ற பாறை

அன்புள்ள நைனாவுக்கு,

ஜாஸ்மின் எழுதுகிறேன். பஹ்ரைனில் வெயில் எப்படி? உங்கள் தோள்பட்டை வலிக்கு அம்மா தைலம் வாங்கி இதோடு வைத்திருக்கிறாள். நம் ஒற்றை அறையில் போனில் எதைப் பேசினாலும் அம்மா காதில் விழும். உங்களோடு தங்கியிருக்கும் நதீம் அண்ணன் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை கிளம்புகிறார் என்றதும், அவரிடம் கொடுத்தனுப்பலாம் என்று எழுத உட்கார்ந்துவிட்டேன்.

பெருங்குடி ஆபீசில் என் வேலை உங்களுக்குத் தெரியும். செவ்வாய்க் கிரகத்தில் வண்டி இறங்கிய இடத்துப் படங்களில் எது மணல், எது பாறை என்று கோடு போட்டுப் பிரிக்க வேண்டும். சக்கரம் புதையும் இடத்துக்கு ஒரு நிறம், சக்கரத்தைக் கிழிக்கும் கூர்க்கல்லுக்கு வேறு நிறம். காற்று அடித்து மணல் வரிவரியாகக் கிடக்கிறது, நம் முகத்துவாரத்தில் தண்ணீர் வடிந்த பிறகு கிடப்பது போல.

போன வாரம் எங்கள் லீடர் ஸ்ரீவத்சன் சார், பெரிய பாறைகளுக்கு எங்களுக்குள் கூப்பிட்டுக்கொள்ள, அவரவர் இடத்துப் பெயரை வைக்கச் சொன்னார். எனக்கு வந்தது கவிழ்த்துப் போட்ட படகு மாதிரி ஒரு பாறை. நம் குப்பத்தின் பெயரையே, ஊரூர் என்று, வைக்கப் போவதாக முந்தின நாளே அம்மாவிடம் சொல்லியிருந்தேன்.

கூட்டத்தில் ஸஹானா, மயிலாப்பூர்ப் பெண், தெப்பக்குளம் என்றாள். எல்லாரும் கைதட்டினார்கள். அடுத்து நான். என் வாயில் ஊரூர் வரவில்லை, பக்கத்துப் பங்களாக்காரர்களின் அடையாறு வந்தது. "அடையாறா? காந்தி நகரா, இந்திரா நகரா?" என்று ஸஹானா ஆசையாகக் கேட்டாள். நான் தலையாட்டினேன். இரண்டில் எதற்கு ஆட்டினேன் என்று அவள் கேட்கவில்லை. நல்லவள்தான் நைனா. குப்பம் என்று சொல்லியிருந்தாலும் அவள் முகம் மாறியிருக்காது. மாறுமோ என்று பார்க்க எனக்குத்தான் தைரியமில்லை.

வீட்டில் நுழைந்ததும் அம்மா, "இன்னாடி, நம்ம பேரு வெச்சிட்டியா?" என்றாள். வைத்தாச்சு என்றேன். அதோடு விட்டாளா? படத்தைக் காட்டு என்றாள். அந்தப் படத்தின் மேல் ஊரூர் என்று போனில் நானே டைப் அடித்துக் காட்டினேன். இதை எழுதும்போதே கை கூசுகிறது.

அம்மா படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். "கருவாடு காயப்போட சோக்கா கீதே! தண்ணி எங்கடி?" ஒரு காலத்தில் ஆறு ஓடியதாம், வற்றிவிட்டது என்றேன். ஆட்கள் எங்கே என்றாள். யாரும் இல்லை என்றேன். "அங்கயும் குப்பத்தைக் காலி பண்ணிட்டானுங்களா?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

இப்போது மீன் கொடுக்கிற வீட்டிலெல்லாம் அந்தப் படத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறாள். கோபால் சித்தப்பா ஆடிக் கூழுக்குப் பேனர் அடிக்கக் கொடுத்துவிட்டார். என் முகம், பக்கத்தில் சிவப்பு உருண்டை, கீழே 'செவ்வாயில் ஊரூர் குப்பம்'. "இதுல உம்முன்னு கீறியே, சிரிச்ச போட்டோ ஒண்ணு குடு" என்று வாசலில் வந்து நிற்கிறார். என்னிடம் அப்படி ஒரு போட்டோ இல்லை என்று சொல்லிவிட்டேன்.

பெயரை மாற்றலாமா என்று ஸ்ரீவத்சன் சாரிடம் தனியாகக் கேட்டுப் பார்த்தேன். அதற்கென்னம்மா, திங்கட்கிழமை கூட்டத்தில் எழுந்து சொல்லிவிடு, எல்லாரும் மாற்றிக்கொள்வார்கள் என்றார். ஏன் என்று கேட்பார்களே. வீடு எங்கே என்று சொல்ல வேண்டி வருமே. பேனர் ஞாயிற்றுக்கிழமையே கட்டிவிடுவார்கள்.

நைனா, அங்கே உங்களை எந்த ஊர் என்று கேட்டால் என்ன சொல்கிறீர்கள்? சென்னை என்று மட்டுமா?

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பேசும்போது அம்மா பேனரைப் பற்றித்தான் சொல்வாள். தெரியாதது போலச் சந்தோஷப்படுங்கள். பிறகு போனை என்னிடம் கொடுக்கச் சொல்லுங்கள். என்னை எதுவும் கேட்க வேண்டாம், திட்டவும் வேண்டாம். நம் குப்பத்தின் பெயரை ஒரே ஒரு தரம் சத்தமாகச் சொல்லுங்கள். உங்கள் குரலில் கேட்டுவிட்டால், மறுநாள் கூட்டத்தில் அது என் வாயிலும் வந்துவிடும்.

தைலத்தைச் சூடு செய்து தேயுங்கள்.

உங்கள் மகள்,
ஜாஸ்மின்