ரயில் ஓட்டப் போகிறவள்

மே 18, ஞாயிறு

அக்னி நட்சத்திர வெயில். காலையிலேயே மொட்டை மாடியில் கால் வைக்க முடியவில்லை. ப்ளஸ் டூ ரிசல்ட் வந்ததிலிருந்து எல்லாருக்கும் என்மேல் உரிமை. நைனா, அம்மா, எதிர் வீட்டுக்காரர்கள். இன்று அக்கா புருஷனும்.

பொதட்டூர்பேட்டையிலிருந்து பைக்கில் வந்த பாவா, கறிக்குழம்பு தின்றுவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். பி.ஏ., பிறகு பி.எட். டீச்சர் வேலை. ரயில் இன்ஜின் ஓட்டப்போகிறேன் என்றேன். அதற்கு மெக்கானிக்கல் டிப்ளமோ வேண்டும். புதன்கிழமை பாலிடெக்னிக்கில் கவுன்சிலிங்.

"ராத்திரியெல்லாம் இன்ஜின்ல போய்க்கினு இருந்தா உன்னை எவன் கட்டுவான்?"

கேட்டுவிட்டுப் பாவா சிரித்தார். நைனாவும் சேர்ந்து சிரித்தார். பாவா சிரித்ததுகூடப் பெரிதில்லை. ரயில்வே பரீட்சை எழுதித் தோற்றவர்தானே பாவா. அதை யாரும் சொல்லவில்லை. நானும்தான். என்மேலேயே ஆத்திரம்.

மே 20, செவ்வாய்

மலைக் கோயிலுக்கு நல்ல கூட்டம். அடிவாரத்தில் எங்கள் பூஜை சாமான் கடையில் நைனாவுக்குத் துணை. தேங்காய், பூ, கற்பூரம், மறுபடி தேங்காய். இடுப்பு ஒடிந்தது. வருகிற மொட்டைத் தலைகளிடமெல்லாம் பொண்ணு டீச்சருக்குப் படிக்கப்போகிறாள் என்று நைனாவின் பெருமை.

சித்தூர்க்காரர் ஒருவரிடம் அவர் சொன்னபோது, "இல்லீங்க, ரயில் ஓட்டப் போறேன்" என்றேன்.

கடை கட்டும் நேரம். நைனா ஷட்டரை இழுத்துவிட்டுத் திரும்பினார்.

"நாளைக்கு வாசப்படி தாண்டினா திரும்பி வராத."

சரி என்றேன். வீட்டில் அம்மா அழுகை. எரிச்சல்தான் வந்தது.

மே 21, புதன்

தாண்டினேன். திருத்தணி ஸ்டேஷன். ரயில் கிளம்பும்போது நைனா ஓடிவந்து ஏறினார். எதிரில் உட்கார்ந்தார். வேர்த்து ஊற்றியது.

"உன்னைத் துரத்தி விடுவாங்க. அதைப் பாக்கத்தான் வந்துகினு இருக்கேன்."

அரக்கோணம் வரை ஜன்னலைப் பார்த்தேன். அங்கிருந்து பஸ்.

கவுன்சிலிங்கில் உட்கார்ந்திருந்த சார், மெக்கானிக்கலில் பொண்ணுங்க கம்மி, கம்ப்யூட்டர் எடுத்துக்கோம்மா என்றார். நைனா உடனே தலையாட்டினார், நானும் அதையேதான் சொல்கிறேன் என்று. இரண்டு பேரையும் அறையலாம்போல இருந்தது.

"மெக்கானிக்கல்தான் சார்."

கிடைத்துவிட்டது. ப்ளஸ் டூ முடித்ததால் நேராக இரண்டாம் வருஷம்.

திரும்பும்போது நைனா வேறு சீட். வீட்டு வாசலில் நான் நின்றேன். அவர் கதவைத் திறந்து அப்படியே விட்டுவிட்டு உள்ளே போனார்.

"உங்கம்மாகிட்ட நீயே சொல்லிக்கோ. பாவாகிட்டயும் நீயே சொல்லு."

அம்மாவிடம் சொன்னேன். பாவாவுக்கு போன் போட்டேன். நைனாவிடம் கொடு என்றார். நீட்டினேன்.

நைனா வாங்கவில்லை. கால் கழுவப் போய்விட்டார்.