பெட்டி வாங்கலாமா என்று கேட்டாயே

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சௌக்கியம். எனக்கு முழங்கால், அவளுக்கு நான், இந்த இரண்டைத் தவிர வீட்டில் வேறு உபத்திரவம் இல்லை. அங்கே நீங்கள் மூவரும் நலமா என்று கேட்பதுதான் முறை. ஆனால் பிறந்து பதினோரு நாளே ஆன ஒருவர் வந்து அதிகாரம் செய்யும் வீட்டில் மற்ற இருவரும் நலமாக இருக்க வழியில்லை என்பது எனக்கு அனுபவத்தில் தெரியும். அதனால் சின்ன முதலாளி நேரத்துக்குக் குடித்து, நேரத்துக்கு நனைத்து, நீயும் மாப்பிள்ளையும் முறை வைத்தாவது தூங்கினால் அதையே நலம் என்று எடுத்துக்கொள்கிறேன். ஃபோன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நாம் ஃபோனில் பேசும் லட்சணம் உனக்குத் தெரியும். அம்மா ஸ்பீக்கரைப் போடுவாள், குழந்தையைக் காட்டு என்பாள், நீ காட்டுவாய், அவன் கொட்டாவி விடுவான், அந்தக் கொட்டாவி யார் ஜாடை என்று பத்து நிமிடம் விசாரணை நடக்கும், நான் வாயைத் திறக்கும்போது சார்ஜ் தீர்ந்துபோகும். உன்னோடு படித்த பல் டாக்டர் பெண் நாளைக் காலை விமானத்தில் உங்கள் ஊருக்குத் திரும்புகிறாள் என்று தெரிந்ததும், எழுதி அவள் கையிலேயே கொடுத்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ இரண்டு விஷயம் சொன்னாய். முதலாவது, “அப்பா, நீங்கதான் பெட்டி ஆபீஸர், சொல்லுங்க, குழந்தையப் படுக்க வைக்கற இந்த பேபி பாக்ஸ் வாங்கினா பிரயோஜனமா இல்ல வெட்டிச் செலவா?” என்றாய். நான் பதில் சொல்வதற்குள் அம்மா, “பெட்டில போட்டு வைக்க அது என்ன புதுசா வாங்கின மிக்சியா? ஏண்டி, உங்க அப்பா புத்தி அப்படியே வந்திருக்கே உனக்கு” என்றாள், எல்லோரும் சிரித்தோம். இரண்டாவது, பேச்சோடு பேச்சாக, பால் கொடுத்துக்கொண்டே சோபாவில் சாய்ந்தபடி நீயும் குழந்தையும் இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டதாகவும், மாப்பிள்ளை அதைப் படம் எடுத்து வைத்திருப்பதாகவும் சொன்னாய். அதற்கும் எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. மறுநாள் நானே ஃபோன் செய்து சோபாவில் தூங்காதே என்றேன், நீ “சரிப்பா, சரிப்பா” என்றாய். அந்த ‘சரிப்பா’வை நான் நன்றாக அறிவேன், கல்லூரி நாட்களில் தலைக்கவசம் போடச் சொன்னபோதும் அதையேதான் சொன்னாய். எனவே முதலில் பெட்டியைப் பற்றிச் சொல்லி முடித்துவிட்டு சோபாவுக்கு வருகிறேன், நடுவில் கடிதத்தை மடித்து வைத்துவிடாதே.

நீ அனுப்பிய விளம்பரத்தை மூன்று தடவை படித்தேன், அடியில் பொடி எழுத்தில் இருப்பதையும் சேர்த்து. ஓய்வு பெற்ற பிறகு எனக்குக் கிடைத்த வாசிப்பில் அவ்வளவு கற்பனை வளம் உள்ளது வேறில்லை. பெட்டிக்குள் நாற்பத்துமூன்று பொருட்களாம். அதில் பூனைக்குட்டியின் பாதத்துக்குக் கூடப் பற்றாத ஆறு ஜோடி காலுறைகள். குழந்தை ஒரு நிமிடத்தில் உதறிவிடும், அப்புறம் நீ ஆறு மாதம் ஒற்றை ஒற்றையாகத் தேடிக்கொண்டிருப்பாய். குளிக்க வைக்கும் தண்ணீரின் சூட்டை அளக்க மீன் வடிவத்தில் ஒரு கருவி இருக்கிறதாம். உன் முழங்கை இன்னும் உன்னிடமே இருக்கிறதென்று நம்புகிறேன். குழந்தையின் முதல் வருட நினைவுகளை எழுதி வைக்க ஒரு நோட்டுப் புத்தகம். முதல் வருடத்தில் எழுத நேரம் உள்ள தாய் எவளாவது இருந்தால் அவளைப் பார்க்க நான் டிக்கெட் எடுத்து வருவேன். இவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் மிஞ்சுவது ஓர் அட்டைப்பெட்டி, அதன் அளவுக்குச் சரியாகப் பொருந்தும் கெட்டியான ஒரு சிறு மெத்தை, அதற்கு ஒரு விரிப்பு. இந்த மூன்றும்தான் சரக்கு. மாப்பிள்ளை தொட்டில் கட்டில்தான் கௌரவம் என்கிறார், பக்கத்து வீட்டம்மா நாலு மாதத்துக்கு மேல் பெட்டி உதவாது என்கிறாள் என்று சொன்னாய். இருவர் சொல்வதும் உண்மை. ஆனால் பிறந்த குழந்தைக்குக் கௌரவம் தேவையில்லை, அந்த நாலு மாதம்தான் தேவை.

என் தொழில் உனக்குத் தெரியும், ஆனால் என் தொழிற்சாலையை நீ பார்த்ததில்லை. முப்பத்தொரு வருடம் நான் பெட்டிகளை நாசம் செய்து சம்பளம் வாங்கினேன். அட்டைப்பெட்டிக் கம்பெனியின் பரிசோதனை அறை என்பது வெள்ளைச் சுவரும் குழல் விளக்கும் ஸ்டார்ச் பசை வாசனையுமாக இருக்கும். பசை கொஞ்சம் புளித்துவிட்டால் சட்டையில் ஏறிய வாசனை மூன்று தடவை துவைத்தாலும் போகாது. நடுவில் நசுக்கு மிஷின், அதன் இரண்டு இரும்புப் பலகைகளுக்கு நடுவே பெட்டியை வைத்தால் மேல் பலகை மெல்ல இறங்கி வரும், பெட்டி முதலில் தாங்கும், பிறகு முனகும், பிறகு இடுப்பொடிந்து உட்காரும். எந்த எடையில் உட்கார்ந்தது என்று எழுதிக்கொள்வேன். அடுத்தது கீழே போட்டுப் பார்ப்பது: ஒரு மூலை, மூன்று விளிம்பு, ஆறு பக்கம், மொத்தம் பத்து தடவை. எங்கள் சூப்பர்வைசருக்கு நாங்கள் வைத்த பெயர் ஈரப்பதம். எது நடந்தாலும், பெட்டி கிழிந்தாலும், ஆள் லீவு போட்டாலும், அவர் காற்றிலுள்ள ஈரப்பதத்தைத்தான் குற்றம் சொல்வார். இப்போது நினைத்தால் அந்த அறையில் நான் சந்தோஷமாகவே இருந்திருக்கிறேன். அப்போது யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

நீ பிறந்த மூன்றாவது வாரம் நான் ஈரப்பதத்திடம் போய், சொந்த உபயோகத்துக்கு ஒரு பெட்டி வேண்டும் சார் என்று நின்றேன். அவர் தலை நிமிராமல், “உள்ள என்ன சரக்கு?” என்றார். “மூணு கிலோ எண்ணூறு, சார்.” “உடையற சரக்கா?” “ஆமா, சார்.” “எத்தனை அடுக்கு அடுக்குவீங்க?” “ஒண்ணுதான் சார், அதுக்கு மேல இப்போதைக்கு உத்தேசமில்ல.” அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். பார்த்துவிட்டு, “கம்பி பின் அடிக்கவே கூடாது, கையைக் கிழிச்சிடும், பசைதான். மூணடுக்கு அட்டை வேண்டாம்யா, அஞ்சடுக்குல போடு” என்று தானே எழுந்து வந்தார். அன்றைக்கு இரண்டு லாரி சரக்கு காத்துக்கொண்டிருக்க, ஐந்து பெரிய மனிதர்கள் நின்று உனக்குப் பெட்டி செய்தார்கள். பக்கச் சுவர் எவ்வளவு உயரம் என்பதில் கைகலப்பு வராத குறை. நாலு கிலோ பசை மாவைத் துணியில் கட்டி உள்ளே வைத்து, பத்து தடவையும் போட்டுப் பார்த்தோம். அந்த நேரத்தில் கையிருப்பில் இருந்தது கண்ணாடிச் சாமானுக்கு அச்சடித்த அட்டை, ஆகவே உன் முதல் படுக்கையின் பக்கவாட்டில் ஒரு குடையும், மேல்நோக்கி இரண்டு அம்புக்குறியும், ‘கவனமாகக் கையாளவும்’ என்ற வாசகமும் இருந்தன. ஆல்பத்தில் அந்தப் படம் இருக்கிறது. நீ அம்புக்குறி காட்டும் திசையை மதிக்காமல் குறுக்கே படுத்திருப்பாய். அம்மா இந்தக் கதையை எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறாள் என்று உனக்கே தெரியும், உன்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடமும் சொன்னாள்: “எல்லாரும் ஆபீஸ்ல இருந்து பேனா, பேப்பர் எடுத்துட்டு வருவாங்க, இவர் புள்ளைக்குப் படுக்கையே எடுத்துட்டு வந்தாரு.” ஏன் செய்தீர்கள் என்று யாராவது கேட்டால், ஒற்றை அறை வீடு, இடம் மிச்சம் என்று சொல்லி வைத்திருந்தேன். முப்பத்திரண்டு வருடமாக அந்தப் பதில் பழுதில்லாமல் ஓடியது.

அது பொய். காரணம் வேறு. பெட்டி செய்ததற்கு முந்தைய நாள் மதியம், இராத்திரி ஷிஃப்ட் முடித்து வந்து சரியாகத் தூங்காத எனக்குக் கண் எரிந்துகொண்டிருந்தது. அம்மா பிரசவத்துக்குப் பிறகு முதல் தடவையாகத் தலைக்குக் குளிக்கப் போகிறேன் என்று உன்னை என் கையில் கொடுத்தாள், “தூங்கிடாதீங்க” என்று சொல்லித்தான் கொடுத்தாள். கல்யாணத்துக்கு வந்த பஞ்சு வைத்த கை நாற்காலி ஒன்று இருந்தது, அதில் உன்னை மார்பில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். நீ கதகதப்பாக இருந்தாய். உன் உச்சந்தலையில் பால் வாசனை வந்தது. இவ்வளவுதான் எனக்கு ஞாபகம். விழித்தபோது என் மார்பில் நீ இல்லை. என் தொடைக்கும் நாற்காலிக் கைக்கும் நடுவில் சரிந்து இறங்கி, முகம் பஞ்சில் புதைந்து கிடந்தாய். நீ அழவில்லை, கேள், அதைத்தான் சொல்ல வருகிறேன், நீ அழவே இல்லை. நான் தானாக விழித்துக்கொண்டதால் பார்த்தேன், அவ்வளவுதான். உதடு நீலமாக இருந்ததா, பயத்தில் என் கண்ணுக்கு அப்படித் தெரிந்ததா, இன்று வரை எனக்குத் தெரியாது. உருவி எடுத்துத் தோளில் போட்டு முதுகில் தட்டினேன். எத்தனை தட்டு என்று எண்ணவில்லை. எல்லாவற்றையும் எண்ணி எழுதுகிறவன் அதை எண்ணவில்லை. பிறகு அழுதாய். குளியலறையிலிருந்து அம்மா, “என்ன பண்றீங்க புள்ளைய?” என்று கத்தினாள். “பசி போல” என்றேன்.

இப்போது உன் கேள்விக்குப் பதில். பெட்டி வாங்கு. அது அற்புதமான பொருள் என்பதற்காக அல்ல, அட்டையில் அற்புதம் ஒன்றுமில்லை, நான் உள்ளே பார்த்திருக்கிறேன், நெளி நெளியாகக் காற்றுதான் இருக்கும். சோபாவிலிருந்து எட்டிக் கை நீட்டும் தூரத்தில், தட்டையாக, கெட்டியாக, காலியாக ஓர் இடம் இருக்கிறது என்பதற்காக வாங்கு. கண் சொருகும்போது அடுத்த அறைக்கு எழுந்து போக யாருக்கும் தெம்பு இருக்காது, குனிந்து வைக்கிற தெம்பு இருக்கும். வந்ததும் அடிப்பக்கத்தைக் கட்டை விரலால் அழுத்திப் பார், பள்ளம் விழுந்து அப்படியே நின்றால் திருப்பி அனுப்பு. மெத்தைக்கும் சுவருக்கும் நடுவே விரல் நுழைகிற சந்து இருக்கக் கூடாது. தரையிலேயே வை, மேசைமேல் வேண்டாம், நாய் பூனை வரும் வீடாக இருந்தால் வேறு சொல்லியிருப்பேன். மூடியைப் பெட்டி வந்த அன்றே வெளியே போடு. தலையணை, பொம்மை, அம்மா பின்னி அனுப்புகிற கம்பளி, எதுவும் உள்ளே கூடாது. கம்பளியை அவன் விழித்திருக்கும்போது போர்த்திப் படம் எடுத்து அனுப்பு, அவளுக்கு அது போதும். மல்லாக்கப் படுக்க வை. அவனை உள்ளே வைத்துக்கொண்டு பெட்டியைத் தூக்காதே. அடி ஈரமானால் தயவு பார்க்காமல் தூக்கிப் போடு, ஈரமான அட்டைக்கு நிற்கத் தெரியாது, இந்த ஒரு விஷயத்தில் எங்கள் சூப்பர்வைசர் சொன்னது சரி. அவன் புரள ஆரம்பிக்கிற அன்றைக்குப் பெட்டிக்கு ஓய்வு கொடுத்துவிட்டு மாப்பிள்ளையின் கௌரவமான தொட்டில் கட்டிலுக்கு மாற்று. வீட்டுக்கு வந்து பார்க்கிற நர்ஸிடமும் ஒரு தடவை காட்டிக் கேட்டுக்கொள், நான் பெட்டிக்குத்தான் நிபுணன், குழந்தைக்கு அல்ல, அது மேலே எழுதியதிலிருந்தே தெரிந்திருக்கும்.

இதை அம்மாவுக்குச் சொல்லாதே என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுதிப் பார்த்தால் அசிங்கமாக இருந்தது. ஆகவே கடிதத்தை அவளிடமே கொடுத்து, படி என்று சொல்லிவிட்டு, வாசல் குழாயைத் திருகி இல்லாத ஒழுகலைச் சரி செய்துகொண்டிருந்தேன். பிறகு வந்து என் பக்கத்தில் நின்றாள். “பசின்னு சொன்னீங்க. ஈரத் தலையோட ஓடி வந்து அவள வாங்கினேன். வாயில வைக்கவே இல்ல அவ. உங்க மூஞ்சியப் பாத்தேன். கேக்கலாம்னு வாய் வரைக்கும் வந்துது. கேட்டா நீங்க சொல்லிடுவீங்களேன்னு பயந்து கேக்கல.” நான் குழாயை இன்னும் ஒரு சுற்று திருகினேன். “மறுநாள் பெட்டியோட வந்து நின்னீங்க. அப்பவும் கேட்டுடக் கூடாதுன்னுதான் சிரிச்சேன்” என்றாள். பிறகு, உள்ளே போகும்போது, “அவளுக்கு எழுதுங்க, சோபால தூங்கின படத்த அழிக்கச் சொல்லுங்க, எனக்கு அது வேணாம்” என்றாள். எழுதிவிட்டேன்.

பெட்டி வீடு வந்து சேரும் வரை, உனக்குக் கண் சொருகினால் மாப்பிள்ளையை எழுப்பு. அவர் தூக்கத்தில் முனகினால் காதில் வாங்காதே, மறுபடி எழுப்பு. இப்படி எழுப்பிவிடத்தான் உங்கள் பெண்ணை எனக்குக் கல்யாணம் பண்ணிக் கொடுத்தீர்களா என்று அவர் என்னைக் கேட்டால் நான் பேசிக்கொள்கிறேன். நீ நன்றாக உண்டு, முடிந்த மட்டும் படுத்துத் தூங்கி, சின்ன முதலாளி நீண்ட ஆயுளோடும் நிறைய அட்டகாசத்தோடும் வளர்ந்து, உங்கள் மூவரையும் எல்லா நன்மைகளும் வந்து சூழ எங்கள் இருவரின் மனம் நிறைந்த ஆசீர்வாதம். கடிதம் கிடைத்ததும் ஃபோன் செய். அம்மாதான் எடுப்பாள், ஸ்பீக்கரைப் போட மாட்டேன் என்று சொல்லியிருக்கிறாள்.

உன் மூச்சுச் சத்தத்தை அந்த மதியத்துக்குப் பிறகு ஒரு வருடம் தினமும் குனிந்து கேட்ட,
அப்பா