மாத்திரை மட்டுமா, ஊசியும் சேர்த்தா

ஜூன் 3
கதிர்வீச்சு சிகிச்சை முடிந்தது. கடைசி நாள் என்று நர்ஸ் அக்கா கை தட்டினார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு வெளியே ஓடிவந்துவிட்டேன். பஸ்ஸில் ஏறிய பிறகுதான் சிரிப்பு வந்தது. முடிந்தது! அடுத்த மாதம் பாலங்களைச் சோதிக்கிற என் வேலைக்குத் திரும்பலாம்.

ஜூன் 6
இன்று மானம் போயிற்று.

டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார். மார்பிலிருந்து எடுத்த கட்டி ஹார்மோனைத் தின்று வளர்கிற வகை. திரும்பி வராமலிருக்க ஐந்து வருடமாவது மருந்து வேண்டும். தினம் ஒரு மாத்திரை மட்டும் சாப்பிடலாம். அல்லது சினைப்பையை உறங்கவைக்க மாதாமாதம் ஊசியும் சேர்க்கலாம். “கட்டி சின்னது, அதனால ஊசி கட்டாயம்னு சொல்லல. வயசு கம்மி, அதனால வேண்டாம்னும் சொல்லல. ரெண்டுல எது வேணும்?”

அப்பா, அம்மா, நான் — மூவரும் ஒரே குரலில்: “சரிங்க டாக்டர்.”

“எதுக்குச் சரி?”

டாக்டரிடம் கேள்வி கேட்ட பரம்பரையா எங்களுடையது? அவர் சிரித்துவிட்டார். “அடுத்த வாரம் வாங்க. கேள்வியோட வாங்க.”

ஜூன் 7
அம்மா ஊசிக் கட்சி. “ஊசி போட்டாத்தான்டி வைத்தியம். மாத்திரையெல்லாம் தலைவலிக்கு.”

அப்பா கொத்தனார். அவர் எந்தக் கட்சி என்று கேட்கவே வேண்டாம். “ஒரு கம்பி கூடப் போட்டா வீடு விழுந்தா போகும்?”

“கம்பிக்கும் எடை இருக்குப்பா.”

சொன்ன பிறகு நானே நிமிர்ந்து உட்கார்ந்தேன். அட! பாலத்தில் நான் தினமும் கேட்பது இதுதானே? கூடும் பலம் எவ்வளவு, அதற்காக ஏற்றுகிற சுமை எவ்வளவு? இதைக் கேட்கத்தானே எங்கள் வீட்டில் முதல் ஆளாகப் படித்தேன்?

ஜூன் 9
குளியலறைக் கண்ணாடி முன்னால் கேட்டுப் பழகினேன். அம்மா கதவைத் தட்டினாள்.

“யாருடி உள்ள?”

“நான்தாம்மா.”

“அந்த இன்னொருத்தி?”

“டாக்டரம்மா.”

ஜூன் 10
பயமில்லையா? இருக்கு. தழும்பைத் தொட்டா உடனே கையை எடுத்துக்கறேன். மாத்திரை போதும்னு சொல்லி, திரும்ப வந்துட்டா? அம்மா முகத்தை எப்படிப் பாப்பேன்?

ஜூன் 13
கேட்டுவிட்டேன்! கண்ணாடி முன்னால் பழகியபடியே கேட்டுவிட்டேன்!

ஊசியால் எனக்குக் கூடுதலாக என்ன கிடைக்கும்? “உங்க கட்டிக்கு, கொஞ்சம்தான்.” சுமை? மாதவிடாய் நின்றவர்களின் அவதியெல்லாம் இப்போதே வரலாம் — உடம்புச் சூடு, மூட்டு வலி, எலும்புத் தேய்வு. மாத்திரைக்கும் சூடு உண்டு. அரிதாக இரத்தம் உறையும். கால் வீங்கினால் உடனே ஓடி வர வேண்டும். சாப்பிடும் காலத்தில் கர்ப்பம் கூடாது. (அப்பா மின்விசிறியை ஆராய்ந்தார்.)

“மாத்திரையில ஆரம்பிச்சு, அப்புறமா ஊசி சேத்துக்கலாமா?”

“சேத்துக்கலாம். தொடர்ந்து பாத்துக்கிட்டேதானே இருப்போம்.”

“அப்ப மாத்திரை.” என் குரல்தானா அது?

அம்மா “சரிங்க —” என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள். “டாக்டர், இதச் சாப்பிட்டுட்டு எம்பொண்ணு பாலத்துல ஏறலாமா?”

அம்மாவும் கேட்டுவிட்டாள்!

“தாராளமா.”

ஜூன் 14
முதல் மாத்திரை. சட்டைப் பொத்தான் அளவுகூட இல்லை. அப்பாவுக்கு ஏமாற்றம்: “இவ்வளவுதானா?”

ஜூலை 20
பாலத்துக்கடியில், தலைக்கவசத்துக்குள் யாரோ அடுப்பு மூட்டியதுபோல் குப்பென்று சூடு. கழுத்தெல்லாம் வியர்வை. ஏணியைப் பிடித்தபடி நின்று தண்ணீர் குடித்தேன். அடங்கியது.

மேலேயிருந்து பெரிய இன்ஜினியர் எட்டிப் பார்த்தார். “அந்தக் கடைசித் தூண் சரிதானேம்மா? எழுதிடவா?”

“எதுக்குச் சரி, சார்? நான் இன்னும் அடியைப் பாக்கவே இல்லையே.”

முழங்காலை மடக்கி, கீழே அடுத்த படியில் கால் வைத்தேன்.