நான் துவைத்த பச்சைச் சேலை

என் உயிரே, ராஜாத்தி அக்கா,

நீ போய் நாற்பது நாள் ஆகிவிட்டது. நம் பிள்ளைகள் காப்பகம் நன்றாகவே ஓடுகிறது. நீ முதலில் கேட்பது அதைத்தான் என்பதால் முதலில் சொல்லிவிட்டேன். மற்றபடி நல்ல சேதி எதுவும் இல்லை.

குடியிருக்கும் வீடு போதாதென்று, இரண்டு வீடு தள்ளி இன்னொன்றை வாடகைக்கு எடுக்க நீ அடம்பிடித்தாயே, நினைவிருக்கிறதா? அத்தான் தலையில் கை வைத்துக்கொண்டார். "குடும்பம் வேற, தொழில் வேற. நம்ம வீட்டுச் சண்டையும் சளியும் அங்க வரக்கூடாதுலா" என்றாய். ஈப்போவில் புதிதாக வந்த பெக்டரிகளுக்கு வேலைக்குப் போகும் பெண்கள் பிள்ளைகளோடு வாசலில் நின்றார்கள். ஆறே மாதத்தில் இடமில்லை என்று திருப்பி அனுப்பினாய். அந்த லாபத்தில்தான் நம் கூரைக்குப் புதுத் தகரம் வந்தது, என் காதுக்குத் தோடு வந்தது.

இத்தனைக்கும் உன்னிடம் இருந்த வித்தை ஒன்றே ஒன்று. செமோர் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில், அம்மா பால்மரம் வெட்டப் போகும்போது நம்மை விட்டுப்போன ஆயாக் கொட்டகையில் பார்த்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதன் அம்மா உடுத்திக் களைந்த சேலையில்தான் தொட்டில். புதுச் சேலை கொண்டுவந்தவளிடம், "உடுத்தினத கொண்டா. புள்ளைக்கு ஒன் வாசந்தான் வேணும், பூப்போட்ட சீலை இல்ல" என்றாய். நீ பெற்ற நம் மலருக்கும் அங்கே உன் பச்சைச் சேலையில் ஒரு தொட்டில்.

காமாலை உன்னைப் பத்தே நாளில் கொண்டுபோய்விட்டது. காரியம் முடிந்ததும் வீட்டுத் துணியெல்லாம் நனைக்கச் சொன்னார் பெரியம்மா. மடச்சி நான், காப்பகத்துக்கும் ஓடினேன். "அது தனி வீடுலா, சரசு. அங்க ஏது தீட்டு?" என்று அத்தான் கேட்டார். காதில் வாங்கவில்லை. எல்லாத் தொட்டில்களையும் அவிழ்த்து, சவுக்காரம் போட்டு, மஞ்சள் தண்ணீரில் அலசிக் கொடியில் போட்டேன். உனக்கு ஏதாவது செய்ய வேண்டும் போலிருந்தது, அக்கா. செய்வதற்கு வேறு எதுவும் இல்லை.

மறுநாள் பிள்ளைகள் கத்திய கத்தலில் தெருவே எட்டிப் பார்த்தது. தாய்மார்கள் என்னைத் திட்டிக்கொண்டே உடுத்திய சேலைகளைக் கொண்டுவந்தார்கள். இரண்டு நாளில் எல்லாம் அடங்கியது. மலருக்கு யார் கொண்டுவருவார்?

உன் அலமாரியைக் கலைத்துப் பார்த்தேன். எல்லாம் துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்தவை. இவ்வளவு சுத்தமாக ஏன் இருந்தாய்? ஆஸ்பத்திரிக்கு உடுத்திப்போனதைச் சுடுகாட்டிலேயே விட்டுவிட்டோம். உன் தலையணை உறையைக்கூட அன்றைக்கே நனைத்துவிட்டேன்.

மத்தியானத்தில் மற்ற எட்டுப் பிள்ளைகளும் தூங்கும். மலர் மட்டும் தொட்டில் துணியில் முகத்தைத் தேய்த்துத் தேய்த்துத் தேடுகிறாள், பிறகு அழுகிறாள். என் சேலையைக் கட்டிப் பார்த்தேன், இரண்டு கையாலும் தள்ளினாள். "மறந்துடும்லா, சின்னப் புள்ளதானே" என்கிறார் அத்தான். ஆறுதலாகத்தான் சொல்கிறார். எனக்கு அதுதான் பயம். உன்னை மறந்தால்தான் அவள் தூங்குவாள் என்றால், நான் சாமியிடம் எதைக் கேட்பது?

காப்பகத்தை மூட மாட்டேன். மலர் அழுது ஓயும்வரை தொட்டிலை விட்டு என் கையை எடுக்க மாட்டேன். அதற்கு மேல் சத்தியம் செய்ய என்னிடம் எதுவும் இல்லை, அக்கா.

உன் வாசத்தைத் துவைத்துக் கொடியில் போட்ட தங்கை,
சரசு