நாலு பேர் வைத்துக்கொண்ட பெயர்

அன்புள்ள மகனுக்கு,

அப்பாவும் நானும் சுகம், நீயும் மருமகளும் பேத்தியும் சுகமாக இருக்க வேண்டும் என்று நினைக்காத நாளில்லை. கோபமாக இருந்தாலும் இந்த வரியை எழுதாமல் ஆரம்பிக்க எனக்குக் கை வரவில்லை, எழுதிவிட்டேன், இனி விஷயத்துக்கு வருகிறேன். போனில் சொன்னால் நீ நடுவில் புகுந்து பேசுவாய், நான் சொல்ல வந்ததை மறந்துவிடுவேன், கடிதத்தில் உன்னால் வாயைத் திறக்க முடியாது.

பிள்ளையின் பெயரை மாற்றப் போகிறோம் என்று ஞாயிற்றுக்கிழமை ஏதோ ஜன்னல் திரையை மாற்றுகிற மாதிரி சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாய். ஏழு மாதப் பிள்ளை. அந்தப் பெயரைக் கொண்டுவந்தது யார், நானா? யாருக்கும் இல்லாத பெயராக வேண்டும் என்று நீங்கள் இரண்டு பேரும்தான் கம்ப்யூட்டரைக் குடைந்து எடுத்தீர்கள். எனக்கு நாக்குப் புரளவில்லை. நீ உன் குரலிலேயே பதிந்து அனுப்பி, சரியா வர்ற வரைக்கும் பேர் சொல்லிக் கூப்பிடாதம்மா, பாப்பா தப்பா பழகிடும் என்றாய். பேத்தியைக் கூப்பிடாதே என்று பெற்ற மகன் சொன்னதை வெளியே சொல்ல வெட்கப்பட்டு, பாத்திரம் தேய்க்கும்போதும் கடையில் பொத்தான் தைக்கும்போதும் அதையே போட்டுப் போட்டுச் சொல்லிப் பார்த்தேன். என்னடி முணுமுணுக்கிறே, என்னைத் திட்டுறியா என்று அப்பா கேட்டார், அப்புறம் அவரும் சொல்லிப் பார்த்தார், பல் செட்டைக் கழற்றினால்தான் அவருக்கு ஒழுங்காக வருகிறது.

நான் வேலை செய்கிற கடையில் குழந்தைச் சட்டைதான் தைக்கிறோம், வருகிறவர்களில் பாதிப் பேர் பிள்ளைத்தாய்ச்சிகள். மிஷினுக்கு மேலே பேத்தியின் படத்தை ஒட்டி வைத்திருக்கிறேன், பார்க்கிறவர்கள் பெயரைக் கேட்கிறார்கள், சொல்கிறேன், மூடி வைக்க அது என்ன திருட்டு நகையா. பால்காரர் மகளும் மருந்துக்கடைக்காரர் மருமகளும் கண்டக்டர் மனைவியும் ஆசைப்பட்டுத் தங்கள் பிள்ளைகளுக்கும் அதையே வைத்துவிட்டார்கள், நடு எழுத்தை நான் அமுக்கிச் சொல்கிறேனே, அதே மாதிரி. இப்போது உன் பதிவில் இருக்கிறபடி கூப்பிட்டால் இந்தத் தெருவில் ஒரு பிள்ளையும் திரும்பாது. உன் அக்கா இதைச் சிரித்துக்கொண்டு உன்னிடம் சொன்னதற்கு என்ன குதி குதித்தாய். என் புள்ள பேரை ஊருக்கே வாரி விட்டுட்டியேம்மா, அதையும் கெடுத்து விட்டுட்டே என்றாய். வாரித்தான் விட்டேன். பேத்தியைப் பற்றிப் பெருமைப்பட்டதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்க மாட்டேன். இங்கிருந்து அங்கே வர இரண்டு விமானம் மாற வேண்டும், பால்காரர் பேத்தி வந்து உன் பிள்ளையின் தொட்டிலில் படுக்கப் போகிறாளா. நாலு தாய்மாருக்குப் பிடித்தால் பெயர் பழசாகிவிடும் என்று எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள், நான் படித்த அஞ்சாம் வகுப்பு வரைக்கும் சொல்லவில்லை. புதுசாக ஒன்றைப் பதிந்து அனுப்பியிருக்கிறாயே, கேட்டேன், தும்மல் மாதிரி இருக்கிறது.

நீ அறியாத ஒன்று சொல்கிறேன், கத்துவாய் என்றுதான் இத்தனை நாள் சொல்லவில்லை. முந்தின புதன்கிழமை நீ ஆபீசில் இருந்தபோது மருமகள் போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுக் காய்ந்த துணியை எடுத்து வரப் போனாள். பிள்ளை எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஒரு கரண்டியைக் கடித்துக்கொண்டிருந்தது. நீ வேண்டாம் என்றதை மீறி ஒரே ஒரு தடவை பெயரைச் சொன்னேன், எனக்கு வருகிற மாதிரி. கரண்டியைப் போட்டுவிட்டு உடம்போடு திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தது. மருமகளைக் கேட்டுப் பார், அவள் கதவோரம் நின்று பார்த்தாள், அவர் கூப்பிட்டாலும் அப்படித்தான் திரும்புது என்றாள். தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அதற்குத் தெரிந்துவிட்டது. நாளைக்கு யாராவது அந்தப் பெயரைச் சொல்லி அது திரும்பினால், உன்னை இல்லை என்று சொல்லப் போகிறாயா? எந்த வாயால் சொல்வாய், அதை எனக்கு எழுது.

மருமகள்மேல் எனக்கு வருத்தமில்லை, அவளை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நிறைந்த ஆயுசோடு இருங்கள். தனியாகப் பார்சலில் மஞ்சள் சட்டை ஒன்று வருகிறது, துவைத்துவிட்டுப் போடு, புதுத்துணி உறுத்தும். நெஞ்சில் பெயரைத் தைத்திருக்கிறேன், இரட்டைத் தையல், பிரித்தால் துணி கிழியும்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்,
அவளுக்குப் பாட்டி