தரையைப் பிடித்து நடக்கும் கலங்கள்

கெல்சென்கிர்ச்சன்
04.03.2025

அன்புப் பேத்தி தர்மிகாவுக்கு,

உன்ர படிப்பைப் பற்றிக் கோயிலில் எல்லாருக்கும் சொல்லுறன். “என்ன ஆராய்ச்சியாம்?” என்று மங்கையற்கரசி கேட்க, எனக்கு விளக்கம் வரவில்லை. உடம்பிலுள்ள கலங்கள் தரையைப் பிடித்து நடக்கும் என்றாயே, கால் இல்லாமல் எப்படி? ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு விளங்குகிற மாதிரி எழுது.

நீ கலாநிதிப் பட்டம் வாங்கும் நாளுக்குப் புதுச் சப்பாத்து வாங்கி, வீட்டுக்குள் நடந்து பழகுறன். குதிகாலில் கடித்துவிட்டது. அது கிடக்கட்டும்.

உன் அம்மம்மா,
சுந்தரேஸ்வரி

எர்லாங்கன்
11.03.2025

அன்பு அம்மம்மா,

கலம் என்கிற உயிரணு தன் முன்பக்கத்தைக் கைபோல நீட்டித் தரையைப் பிடிக்கும். பிறகு இழுத்துப் பார்க்கும். தரை உறுதியென்றால் அந்தச் சேதி உள்ளே போகும். இன்னும் இறுக்கிப் பிடித்து உடம்பை முன்னே இழுக்கும். குழைவான தரையில் தயங்கும். நான் தட்டில் வளரும் கலங்களுக்கு நடுவே ஒரு கீறல் போட்டு, இரு கரையிலிருந்தும் அவை ஊர்ந்து வந்து மூடுவதைப் பார்க்கிறேன்.

அந்தச் சப்பாத்தைக் கழற்றுங்கோ!

தர்மிகா

கெல்சென்கிர்ச்சன்
20.03.2025

அன்புப் பேத்தி,

மங்கையற்கரசிக்குச் சொன்னன். “கீறல் போட்டுப் பார்க்கிறதுக்கோ சம்பளம்?” என்கிறாள். பொறாமை.

கீறல் மூட எத்தனை நாள் செல்லும்? தரையில் நீர் கசிந்தால் பிடி கிடைக்குமோ? சீனி வருத்தக்காரரின் கலங்கள் மெதுவாய் நடக்குமோ? சும்மா அறியத்தான்.

அம்மம்மா

எர்லாங்கன்
24.03.2025

அம்மம்மா,

சீனி வருத்தம், நீரிழிவு, உங்களுக்குத்தானே. குதிப்புண் இன்னும் ஆறவில்லை, என்ன?

ஓம், மெதுவாய்த்தான் நடக்கும். நீங்கள் மிதிக்க மிதிக்க, அவை பிடித்த பிடி அறுந்துபோகும். இப்படியே விட்டால் காலே போய்விடும். டெர்மின் தந்த நாள் வரட்டுமென்று பார்த்துக்கொண்டு இராமல் நாளைக்கே டொக்டரிடம் போங்கோ. எனக்குப் பயமாக இருக்கு. நீங்கள் நடந்து வரத் தேவையில்லை, காலோடு வந்தால் போதும்.

தர்மிகா

கெல்சென்கிர்ச்சன்
09.04.2025

அன்புப் பேத்தி,

போனன். கட்டுப் போட்டாச்சு. “இன்னும் ஒரு கிழமை போயிருந்தால்…” என்று டொக்டர் தொடங்கினார். புண்ணைப் பற்றிச் சொன்னால் உன்ர பட்டத்துக்கு வரவிடாமல் மறிப்பீர்கள் என்றுதான் ஒளித்தேன்.

இப்போது புண்ணின் கரை உள்ளே வருகுது. காலை நிலத்தில் ஊன்றுவதில்லை. சக்கர நாற்காலியில் வாறன். முன்வரிசையில் இடம் பிடித்து வை.

ஒன்று கேட்க வேணும். இரு கரையும் வந்து முட்டினால், போதும் நில் என்று அதுகளுக்கு யார் சொல்லுறது?

அம்மம்மா

எர்லாங்கன்
14.04.2025

அன்பு அம்மம்மா,

ஒருவரும் சொல்லுறதில்லை. ஒன்றையொன்று தொட்டதும் நின்றுவிடும்.

ஸ்டேஷனில் நாற்காலியோடு நிற்பேன்.

உங்கட தர்மிகா